பழி என்னும் சொல்

நம் தாய்மொழியில் சில சொற்கள் உருவிற் சிறியன. ஆயினும் அவற்றைக் கையில் எடுத்தவர் எளிதிற் கீழே வைத்துவிட இயலாது. 'பழி' என்பது அத்தகைய சொல். அகராதி இதற்குக் கூறும் பொருள்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பார்க்கு முதலில் வியப்பே தோன்றும். ஒருவன் செய்த குற்றமும் பழி. அக்குற்றத்தைப் பிறர் எடுத்துரைக்கும் இகழுரையும் பழி. செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கூறும் பொய்யுரையும் பழி. அவ்வுரையால் ஒருவன் பெயரிற் படியும் கறையும் பழி. தீங்குக்குத் தீங்கு இழைத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வதும் பழியே. செய்தவன், சொன்னவன், சுமந்தவன், தீர்த்தவன் ஆகிய நால்வருக்கும் மொழி ஒரு சொல்லையே ஈந்திருக்கிறது.

இச்சொல்லோடு வந்து சேரும் வினைச்சொற்களையும் சற்றே நோக்குக. பழி சுமத்தினான், பழி போட்டான், பழி ஏற்றான், பழி சுமந்தான், பழி விழுந்தது, பழி நீங்கிற்று என்கிறோம். மூட்டைக்கும் பாரத்துக்கும் உரிய வினைகள் இவை. சுமையை ஒரு தலையிலிருந்து இறக்கினால் மற்றொரு தலையில் ஏற்றவேண்டும், இல்லையேல் தரையில் வைக்கவேண்டும். பழிக்கோ தரை என்பதில்லை. அது யாரேனும் ஒருவர் தலையிலேயே இருந்தாக வேண்டும் என்பது போலத் தமிழ் பேசுவோர் தொன்றுதொட்டுப் பேசி வந்துள்ளனர். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழியும் இதனையே காட்டும். செய்வினையின் பயன் செய்தவனைத் தேடிச் செல்லும். பழியோ அகப்பட்டவன் தலையில் அமர்ந்துகொள்ளும்.

குற்றமும் பழியும் ஒன்றல்ல என்பதைத் திருவள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில் நுட்பமாக உணர்த்துகிறார். பழிக்கு நாணுகின்றவர்கள் தம்மிடத்துத் தினையளவு குற்றம் வந்தாலும் அதனைப் பனையளவாகக் கருதுவர் என்பது அவர் வாக்கின் கருத்து. குற்றம் செயலின் அளவு. பழி அச்செயலைக் காணும் கண்ணின் அளவு. நாணுடைமை அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுகின்றவர்களே நாணத்துக்கு உறைவிடம் என உலகம் சொல்லும் என்கிறார். பிறர் பழிக்கு நாம் ஏன் நாணவேண்டும்? இவ்வினாவை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

(இடையே ஒன்று. சங்க நூல்களிற் 'பழிச்சுதல்' என்றொரு சொல் வருகின்றது. அதற்குப் போற்றுதல், வாழ்த்தி வணங்குதல் என்று பொருள். பழித்தலும் பழிச்சுதலும் ஒரு வேரினவா என்னும் ஆராய்ச்சியைப் புலவர்களிடமே விட்டுவிடுவோம். ஓர் எழுத்து இடையிற் புகுந்த மாத்திரத்தில் தூற்றுதல் போற்றுதலாய்த் தோன்றுவது கண்டு அடியேன் பலமுறை தனியே நகைத்ததுண்டு.)

அடியேன் இச்சொல்லைப் பற்றி எழுதத் துணிந்தது படிப்பினால் மட்டும் அன்று. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு திருக்கோயிலின் உத்ஸவக் காரியங்களில் அடியேனுக்கும் ஒரு சிறு பொறுப்பு இருந்தது. பாத்திரங்களைக் கணக்கிட்டு எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் அப்பொறுப்பில் அடக்கம். திருமஞ்சனத்தன்று காலை வெள்ளி வட்டில்கள் ஐந்தில் ஒன்றைக் காணவில்லை. எம்பெருமான் எழுந்தருளும் நேரம் நெருங்கிவிட்டது, கோஷ்டியார் கூடிவிட்டனர். பரிசாரகர் ஒருவர் அங்கே நின்றார். அடியேனிலும் மூத்தவர், இளமை முதல் அச்சந்நிதியிலேயே கைங்கரியம் செய்து வந்தவர். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, அனைவரும் கேட்க, "நேற்றிரவு கடைசியாக வட்டில்களைத் தொட்டவர் தேவரீர்தாமே?" என்று அடியேன் கேட்டேன்.

அவ்வளவுதான். அதில் இகழுரை ஒன்றும் இல்லை. திருட்டு என்ற சொல் இல்லை. இலக்கண நூலாரைக் கேட்டால் அது வெறும் வினா வாக்கியம் என்பர். ஆயினும் அவ்வினா முடிவதற்கு முன்பே கூடியிருந்தோர் கண்கள் அனைத்தும் ஒருவர் முகத்தில் சென்று தைத்தன. அவர் ஒருகணம் நின்றார். பின்பு, "ஆம் ஸ்வாமி, அடியேன்தான் தொட்டேன். இன்னும் சரியாகப் பார்த்து வைத்திருக்க வேண்டும்" என்றார். நான்கு வட்டில்களோடு வேறொரு கிண்ணம் கூட்டித் திருமஞ்சனம் நடந்தேறியது.

மூன்றாம் நாள் வட்டில் கிடைத்தது. வெளுப்பதற்குப் போன ஈர வஸ்திர மூட்டையின் மடிப்பில் அது சுருண்டு கிடந்திருக்கிறது. துணி வெளுப்பவர் தாமே கொண்டுவந்து கொடுத்தார். அந்த மூட்டையை அன்றிரவு அவசரப்படுத்திக் கட்டச் சொன்னது யார் என்று நினைத்துப் பார்த்தேன். அடியேனே.

இனித் திருப்பாவைக்கு வருவோம். முப்பது பாசுரங்களுள் 15ஆம் பாசுரத்துக்குப் பூர்வாசார்யர்களின் வியாக்கியானத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. திருப்பாவை என்பதே இப்பாட்டுத்தான் என்று கூறுமளவுக்கு இதனைக் கொண்டாடியுள்ளனர். பகவத் விஷயத்தில் நாம் இருக்கவேண்டிய நிலை இறுதியிலே உள்ள 29ஆம் பாசுரத்திலும், பாகவத விஷயத்தில் இருக்கவேண்டிய நிலை இப்பாசுரத்திலும் சொல்லப்பட்டதாக அவர்கள் பிரித்துக் காட்டுவர். அத்துணைப் பெருமைக்குக் காரணமாக அதில் என்ன நிகழ்கிறது? பேரதிசயம் ஒன்றும் இல்லை. வெளியே நிற்கும் ஆய்ச்சியருக்கும் உள்ளே இருக்கும் ஒருத்திக்கும் விடியற்காலையில் நடக்கும் சிறு வாக்குவாதம். இன்னுமா உறக்கம் என்கிறார்கள் வெளியே உள்ளோர். கூச்சலிட வேண்டாம், இதோ வருகிறேன் என்கிறாள் உள்ளே உள்ளவள். உன் வாய்ச்சாதுரியம் எங்களுக்குப் பழையதாயிற்றே என்று அவர்கள் குத்துகிறார்கள். அப்போது அவள் சொல்லும் விடைதான் வியாக்கியானகர்த்தாக்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. வல்லவர்கள் நீங்கள்தாம் என்கிறாள் முதலில். அந்த மூச்சு அடங்குவதற்குள்ளேயே, இல்லை, அக்குறை என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறாள்.

தன்னிடத்தில் இல்லாத குற்றத்தையும் பாகவதர் ஒருவர் உண்டென்று சொன்னால், இல்லையென்று வழக்காடாமல் அதனை இசைந்து ஏற்பதே ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று இவ்விடத்தில் ஆசார்யர்கள் அருளிச்செய்துள்ளனர். இப்பொருளைப் பலரும் எடுத்துரைப்பர். அடியேனுக்கு அதில் மற்றொன்றும் தோன்றுவதுண்டு. அப்பெண் எடுத்த எடுப்பிலேயே பழியை ஏற்றுக்கொள்ளவில்லை. நீங்கள்தாம் வல்லவர்கள் என்று திருப்பி எறிகிறாள். எறிந்த கை பாதியில் நின்று, எறிந்ததைத் தானே பிடித்துக்கொள்கிறது. நம்மைப் போன்ற மனிதர்க்கு இது பெரிய ஆறுதல். முதற்சொல் நம் வசத்தில் இல்லாமற் போகலாம். இரண்டாவது சொல்லுக்கு இடமிருக்கிறது. அதன்பின் உரையாடலின் போக்கே மாறிவிடுகிறது. எல்லாரும் வந்தாயிற்றா என்று உள்ளிருந்து வினா எழுகிறது. நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்று விடை வருகிறது. சச்சரவு அங்கேயே முடிந்தது. பழி ஓரிடத்தில் இறங்கிவிட்டபடியால் எண்ணும் காரியத்தை மேற்கொள்ள முடிகிறது.

இவ்விடத்தில் வியாக்கியானத்தார் எடுத்துக்காட்டுவது ஸ்ரீபரதாழ்வானை. இராமபிரான் காடு சென்றதற்குக் காரணம் மந்தரையின் தோஷமன்று, தாயின் தோஷமன்று, அரசனின் தோஷமன்று, இராகவனின் தோஷமுமன்று. என் பாபமே காரணம் என்று அவன் கூறியதாக அவர்கள் காட்டுவர். இதனோடு கம்பநாட்டாழ்வார் நகர் நீங்கு படலத்தில் அமைத்துள்ள ஒரு காட்சியை ஒப்பிடலாம். கோபத்தால் வில்லெடுத்து நின்ற இளைய பெருமாளிடம் இராமபிரான், நீர் வற்றியது நதியின் பிழை ஆகாது. அவ்வாறே இது தந்தையின் பிழையும் தாயின் பிழையும் பரதனின் பிழையும் ஆகாது, விதியின் பிழையே. இதற்கு வெகுள்வது ஏன் என்கிறான். பெருமாள் பழியை மனிதர் தலைகளிலிருந்து இறக்கி விதியின் மேல் வைத்தார். பரதாழ்வான் அவ்விதிக்கும் அதனை விட்டுவைக்கவில்லை. தன் தலையை நீட்டினான். விதி சுமந்தால் ஒருவர்க்கும் நோவில்லை. பரதன் சுமந்தால் பரதனுக்கு நோகும். இந்த வேறுபாட்டினால்தான் அவன் உதாரண புருஷனானான் என்று அடியேன் எண்ணுகிறேன்.

குருபரம்பரையிலும் இதற்கொரு காட்சி உண்டு. சோழன் சபையில் கண்களை இழந்து மீண்ட கூரத்தாழ்வானைக் கண்டு உடையவர் தாங்காத துயருற்றார். ஆழ்வான் போன்ற பரிசுத்தர்க்கு இது நேர என்ன காரணம் என்று ஏங்கியபோது ஆழ்வான் அளித்த விடை, ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்புக் கோணியிருப்பதாக அடியேன் எப்போதாவது நினைத்திருக்கக்கூடும் என்பதே. தமக்கு நேர்ந்த கொடுமைக்குக் காரணம் தேடியவர், கொடுமை செய்தவனிடம் போகாமல், தம் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கணம் எழுந்திருக்கக்கூடிய ஒரு நினைவைக் கண்டெடுத்தார். பின்னொரு காலத்தில் பேரருளாளன் வரம் கேட்கச் சொன்னபோது, தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு வேண்டும் என்றே கேட்டார். தமக்குக் குற்றம் இழைத்தவர் விஷயத்தில் பொறை, கிருபை, சிரிப்பு, உகப்பு, உபகார நினைவு என்னும் ஐந்தும் வேண்டும் என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அருளிச்செய்ததைப் படிக்கும்போது, இதெல்லாம் யாரால் ஆகும் என்று நமக்குத் தோன்றும். ஆழ்வான் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதுவரை யாவரும் உடன்படுவர். இனி வருவதே இடர்ப்பாடு. இல்லாத குற்றத்தை உண்டென்று இசைவது பொய்யாகாதா? ஒருவர் பொய்ப்பழியை ஏற்றுக்கொண்டால் மெய்க்குற்றவாளி தப்பிவிடுகிறானே? அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. எத்தனையோ இல்லங்களில், மாமியார் பழிசொன்ன மருமகளிடமும், முதலாளி பழிசொன்ன வேலைக்காரனிடமும், 'நமக்குத் திருப்பாவையில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று பெரியோர் சிலர் உபதேசம் செய்து வாயடைத்ததை அடியேன் கண்ணாற் கண்டிருக்கிறேன். அவ்வாறு உபதேசித்தவர் ஒருவரும் தம்மேல் பழி வந்தபோது அப்பாசுரத்தை நினைத்ததாகக் காணோம்.

அப்பாசுரத்தில் உள்ள சொல் தன்மையிடத்துச் சொல். 'நான்' என்று சொல்வதற்குத்தான் அங்கே இடமுண்டு. 'நீயே ஏற்றுக்கொள்' என்று முன்னிலைக்கு ஏவுவதற்கு இல்லை. வெளியே நின்ற ஆய்ச்சியருள் ஒருத்தியேனும் உள்ளே இருந்தவளை நோக்கி, குற்றம் உன்னுடையது என ஒப்புக்கொள் என்று வற்புறுத்தவில்லை. ஏற்பவள் தானே ஏற்றாள். அவர்கள் அனைவரும் அவளுக்குச் சமமான தோழியர். பேச்சின் பொருளும் விடியற்காலத்துக் கேலி. வலியவன் எளியவன் தலையில் ஏற்றும் பழியை அவன் வாய்திறவாமல் சுமப்பதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதனை ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று அழைப்பது, பழியோடு சேர்த்துப் பாசுரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றுவதாகும். இவ்விஷயத்தில் அடியேனுக்கு ஐயமே இல்லை.

பரதாழ்வானையே மீண்டும் பார்ப்போம். என் பாபமே காரணம் என்றவனாகக் காட்டப்படும் அவன், கௌசல்யையின் முன் என்ன செய்தான்? ஸ்ரீமத் ராமாயணத்து அயோத்தியா காண்டத்தில், மகனைப் பிரிந்த துயரத்தால் கௌசல்யை அவனை நோக்கிக் கடுஞ்சொல் கூறுகிறாள். பரதன் அங்கே மௌனமாக இசையவில்லை. இராமன் காடு சென்றது என் சம்மதத்தால் என்றால் இன்ன பாபம் என்னைச் சேரட்டும், இன்ன நரகம் எனக்குக் கிட்டட்டும் என்று சபதத்தின் மேல் சபதமாக அடுக்கிக்கொண்டே போகிறான். அதன் பின்னரே கௌசல்யை அவனை மடியிற் சேர்த்து அழுகிறாள். பரத்வாஜ முனிவர் ஐயுற்று வினவியபோதும், தேவரீரும் அவ்வாறு நினைத்தால் அடியேன் அழிந்தேன் என்று கலங்கி மறுத்தானேயன்றி, ஆம் என்று தலையசைக்கவில்லை.

இவை முரண்பாடு போலத் தோன்றும். உற்றுநோக்கினால் முரண் இல்லை. மகன் பிரிந்த தாய்க்கு, மற்றொரு மகனும் தன்னை வஞ்சித்தான் என்ற எண்ணம் இரண்டாவது புண். அப்புண்ணை ஆற்றுவதற்கு உண்மை வேண்டியிருந்தது. ஆகவே உண்மையைச் சொன்னான். சதி செய்தேன் என்னும் பொய்யை அவன் ஒருபோதும் ஏற்கவில்லை. இச்சதி என்னைக் காரணமாகக் கொண்டு, எனக்கு அரசு வேண்டும் என்று எழுந்ததன்றோ என்னும் மெய்யை ஏற்றான். இல்லாத செயலை உண்டென்பது வேறு. நிகழ்ந்த தீங்கில் தன் பங்கு எங்கோ இருக்கவேண்டும் என்று தேடுவது வேறு. ஆழ்வான் செய்ததும் இத்தேடலே. அவர் தாம் செய்யாத செயலைச் செய்ததாகச் சொல்லவில்லை. நினைத்திருக்கக்கூடும் என்றுதான் சொன்னார்.

அந்தப் பரதாழ்வானும் ஓரிடத்தில் தவறினான் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. பரத்வாஜரிடம் தாய்மார் மூவரையும் அறிமுகம் செய்யும்போது கைகேயியைக் குறித்துக் கொடிய மொழிகளை வீசினான். தன் பழியை ஏற்கத் தெரிந்தவனுக்கும் தாயின் பழியை மறக்கத் தெரியவில்லை. முனிவர்தாம் தடுத்தார்: கைகேயியின்மேல் தோஷம் கொள்ளாதே, இராமன் வனம் புகுந்ததால் நன்மையே விளையும் என்றார். பஞ்சவடியில் இளைய பெருமாள் கைகேயியைக் குறை கூறத் தொடங்கியபோதும் பெருமாள் அதனை அங்கேயே நிறுத்தி, நடுத்தாயைப் பழிக்கவேண்டாம், பரதனைப் பற்றியே பேசு என்றார். காட்டுக்கு அனுப்பப்பட்டவரே அனுப்பினவளைப் பழிக்க விடவில்லை. பிறர் பழிக்கு நாணுதல் என்று திருவள்ளுவர் கூறியது யாது என்று முன்னே கேட்டோம். அதற்கு உருவம் இது.

பொய்ப்பழியை எம்பெருமானே சுமந்த வரலாறு ஒன்றும் உண்டு; அது ஸ்யமந்தகமணியின் கதை. ஸத்ராஜித்தின் மணியை அணிந்து வேட்டைக்குச் சென்ற அவன் தம்பி ப்ரஸேனன் திரும்பவில்லை. மணிக்கு ஆசைப்பட்டுக் கண்ணனே கொன்றிருப்பான் என்று ஸத்ராஜித்து கருதினான். ஊரார் காதோடு காதாகப் பேசினர். வெண்ணெய் களவுபோயிற்று என்று ஆய்ச்சியர் யசோதையிடம் முறையிட்ட பழியைச் சிரித்தபடி ஏற்ற பிள்ளை, இப்பழியை அவ்வாறு ஏற்கவில்லை. முன்னதில் செயல் உண்டு, தீங்கு இல்லை. பின்னதில் ஒருவன் உயிர் போயிருக்கிறது. கண்ணன் துவாரகையின் மக்களையும் உடன் அழைத்துக்கொண்டு காடு புகுந்து அடிச்சுவடு தேடினான். ப்ரஸேனனைச் சிங்கம் கொன்றதையும், சிங்கத்தைக் கரடி கொன்றதையும் கண்டு, ஜாம்பவானின் குகைக்குள் தனியே நுழைந்தான். உள்ளே நடந்த போர் ஸ்ரீவிஷ்ணு புராணத்தின்படி 21 நாள். ஸ்ரீமத் பாகவதத்தின்படி 28 நாள். வெளியே காத்திருந்தோர் 12 நாள் பார்த்துவிட்டுத் துயரத்தோடு ஊர் திரும்பினர் என்கிறது பாகவதம்.

மணியோடு மீண்ட பிறகு கண்ணன் செய்ததே நமக்கு வேண்டியது. ஸத்ராஜித்தின் இல்லத்துக்குத் தனியே சென்று மணியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அரசன் முன்னிலையில் அவனைச் சபைக்கு வரவழைத்து, மணி கிடைத்த விதத்தை அனைவரும் கேட்கக் கூறி, அவன் கையிற் கொடுத்தான். ஏன் பழித்தாய் என்று ஒரு சொல் கேட்டதில்லை. ஸத்ராஜித்து தலைகுனிந்து மணியை வாங்கிக்கொண்டு போனான், உறக்கம் இழந்தான், பின்பு தன் மகள் ஸத்யபாமையையும் அம்மணியையும் கண்ணனிடமே கொண்டுவந்து கொடுத்தான். பழி பலர் நடுவே எழுந்தது. ஆகவே பலர் நடுவிலேயே நீங்கவேண்டும் என்பது எம்பெருமானின் திருவுள்ளம் போலும். நம் பாண்டியனும் அரசவையிலன்றோ, கோவலன்மேல் தான் வைத்த கள்வன் என்னும் பெயரைத் திரும்ப எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டு உயிர்நீத்தான்? சிலப்பதிகாரத்தில் அவ்வொரு கணத்துக்காகவே அவனை மன்னிக்கத் தோன்றுகிறது.

வட்டில் கிடைத்த அன்று மாலை அடியேன் அப்பரிசாரகரின் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, க்ஷமிக்கவேண்டும் என்று பிரார்த்தித்தேன். அவர், "ஸ்வாமி, பெருமாள் வட்டில் பெருமாளிடம் வந்துவிட்டது. அதற்குமேல் என்ன?" என்று கூறி உள்ளே சென்று தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார். மனம் இலேசாகித் திரும்பினேன். அப்படி இலேசானதுதான் தவறு என்பது ஸ்யமந்தக கதையை அதன்பின் ஒருநாள் வாசித்தபோதே உறைத்தது. கோஷ்டியார் நடுவே வைத்த சுமையை, ஒருவரும் இல்லாத திண்ணையில் இறக்கிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அதனை அங்கே இறக்கமுடியாது. அன்று கூடியிருந்தவர்களுள் வெளியூரிலிருந்து வந்தவர் பலர்; வட்டில் கிடைத்த செய்தி அவர்களுக்கு எட்டியிராது. மறு ஆண்டு உத்ஸவத்தில் கோஷ்டி கூடியபோது எழுந்து சொல்லவேண்டும் என்று எண்ணினேன்; முடிந்துபோனதைக் கிளறுவானேன் என்று நண்பர் ஒருவர் தடுத்தார். தடுத்தது அடியேனுக்கும் சௌகரியமாகவே இருந்தது. அவர் ஏற்றுக்கொண்டார் என்பதும் ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்பதும் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பாசுரத்தைப் பிறர் தலையில் ஏற்றுவோரைப்பற்றி மேலே கடிந்தெழுதினேன். அவர்களுள் முதல்வன் யார் என்பது இப்போது வாசகர்க்கு விளங்கும். ஊரும் பேரும் இன்றி இங்கே எழுதுவதும் பாதித் தீர்வுதான்.

இத்தகையோர்க்கு ஒரு புகலிடமும் உண்டு. நம் ஆழ்வார்கள் பழியை எம்பெருமானின் வாசலிலேயே கொண்டுபோய் வைக்கத் துணிந்தவர்கள். கிராமங்களில், 'அவர் வீட்டு வாசலில் பழியாய்க் கிடந்தான்' என்பார்கள். கேட்டது கிடைக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று விழுந்து கிடப்பது அது. எனக்கு ஏதேனும் நேர்ந்தால் பழி உன்னைச் சேரும் என்பதே அக்கிடையின் குறிப்பு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மேகங்களை வேங்கடத்துக்குத் தூதுவிடும்போது இவ்வாறே ஓர் எச்சரிக்கையும் சேர்த்து அனுப்புகிறாள்: ஒரு பெண்ணை வதைத்தான் என்ற சொல் எழுந்தால் உலகத்தார் உன்னை மதிக்கமாட்டார்கள் என்று. திருமங்கையாழ்வார் பெண்பாவனையில் மடலூரத் துணிந்ததும் இதற்கே. நம்மாழ்வாரோ ஊரார் தூற்றும் பழியை எருவாகவும், அன்னையின் வசையை நீராகவும் கொண்டு தம் காதற்பயிர் வளர்ந்ததாகப் பாடினார். ஊரார் பழி அவர்க்கு உரமாயிற்று. வாசலில் வந்து விழும் பழியை எம்பெருமான் தள்ளுவதில்லை. சிசுபாலன் வாயிலிருந்து வந்த, செவியைச் சுடும் வசவுகளையும் கேட்டுக்கொண்டு, அவனைத் திருவடியிற் சேர்த்துக்கொண்டவனன்றோ?

ஆனாலும் அடியேன் எம்பெருமான்மேல் பழிசொல்லவில்லை. அவன் பரிசாரகர்மேல் சொன்னேன். பகவதபசாரத்தினும் பாகவதாபசாரம் கொடிது என்று பெரியோர் வரிசைப்படுத்தி வைத்ததன் காரணம் இப்போது சற்று விளங்குகிறது. அவன் தாங்குவான். அவனுடையவர் தாங்குவதாகக் காட்டிக்கொள்வார்.

அவர் அதன்பின்னும் பல ஆண்டுகள் அதே கைங்கரியத்தில் இருந்தார். அடியேனிடம் முகம் மாறிப் பேசியதே இல்லை. ஒன்றுமட்டும் மாறியிருந்தது. முன்னெல்லாம் வட்டில்களை மொத்தமாகத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார். அந்த உத்ஸவத்துக்குப் பின் ஒவ்வொன்றாக எடுத்து, அடியேன் கையில் வைத்து, கருவறைக்கு வெளியே நிற்பவர்க்கும் கேட்கும்படி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று உரத்த குரலில் எண்ணிக் கொடுத்தார்.